கருப்பனுக்கு ஊசி போட்டிருந்தேனே, அப்புறம் எப்படி எலிக்காய்ச்சல் வந்தது?

செம்பனைக்காரன் (லாபிஸ், ஜொகூர், மலேசியா) கேட்டது:

வணக்கம். நாய் வளர்ப்பவர்கள், அதிலும் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். நீளமாகத்தான் வரும். சுருக்கி எழுத மனம் வரவில்லை.

எங்கள் வீடு லாபிஸ் டவுனிலிருந்து உள்ளே போகும் சடக்கில், பழைய தோட்டத்தை ஒட்டின தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறது. அப்பா காலத்தில் பால்மரம் நின்ற இடம், இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை). குசினிக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஒரு பாரிட், அதாவது வடிகால் வாய்க்கால். பாரிட்டுக்கு அந்தப் பக்கம் மரங்கள். எலிக்குக் குறைவே இல்லை. உதிரிப்பழம் தின்று கொழுத்த எலிகள், பூனையைப் பார்த்தாலும் ஓடாமல் நடந்து போகும்.

எங்களிடம் இரண்டு நாய்கள். கருப்பன், நாலரை வயது, கம்போங் நாய்தான், ஆனால் தோட்டத்தில் யார் மோட்டார் சத்தம் எது என்று பிரித்துச் சொல்லிவிடுவான். இரண்டு வயதுச் சிட்டு, அவள் கொஞ்சம் பயந்த சுபாவம்.

டிசம்பர் கடைசியில் நான்கு நாள் விடாமல் மழை. பாரிட் நிரம்பித் தண்ணீர் குசினி வாசல் வரை வந்து, இரண்டு நாளில் இறங்கிவிட்டது. இங்கே இது புதிதில்லை, 2023 மார்ச்சில் பார்த்த வெள்ளத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. தண்ணீர் இறங்கும்போது எலிகள் வெளியே ஓடின, கருப்பன் விரட்டிக்கொண்டு வயிறு வரை சேற்றில் நின்றான். நாங்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு பார்த்தோம்.

எட்டு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, சாப்பிடவில்லை. கோழித்தலை போட்டும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். முன்வாசலில் இரண்டே படி, அதை ஏற யோசித்தான். இடுப்பில் கை வைத்தேன், உறுமினான். நாலரை வருஷத்தில் என்னைப் பார்த்து உறுமியது அதுதான் முதல் தடவை. செவ்வாய் வாந்தி, அதோடு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். தோட்டத்தில் அந்த வாரம் எலி மருந்து வைத்திருந்தார்கள், அதைத் தின்ற எலியைத் தின்றுவிட்டானோ என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, தூக்கிக்கொண்டு போகவில்லை. புதன்கிழமை எனக்கு டபுள் ஷிப்ட்.

வியாழன் காலையில் மூத்திரம் கோப்பி-ஓ (பால் விடாத கோப்பி) நிறத்தில் போனது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு மஞ்சள் பூசினது போல இருந்தது. அப்போதுதான் காடியில் போட்டுக்கொண்டு சிகாமட் ஓடினேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியேட்டினின் 580, நல்ல நாய்க்கு 140-க்குள் இருக்க வேண்டுமாம். தட்டணுக்கள் குறைவு. உண்ணிக் காய்ச்சலா என்று பார்த்ததில் ஒன்றும் இல்லை. டாக்டர் சீனப் பெண்மணி, நல்ல மாதிரி. “கென்சிங் தீக்குஸ்” என்றார், மலாயில் எலி மூத்திரம் என்று அர்த்தம், நம் எலிக்காய்ச்சல்தான். சோதனைக் கிட்டிலும் அப்படித்தான் வந்தது. டிரிப் ஏற்றி, பெனிசிலின் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து மூத்திரமே வரவில்லை. சனி விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது.

என் கேள்விகள்:

கருப்பனுக்குக் குட்டியில் ஊசி போட்டிருக்கிறேன், கார்டு என்னிடம் இருக்கிறது. எலிக்காய்ச்சலும் அதில் அடக்கம் என்று சொல்லித்தான் போட்டார்கள். அப்புறம் எப்படி வந்தது? சிட்டு இப்போது நன்றாகத்தான் ஓடுகிறாள், அவளுக்கும் வந்திருக்குமா? அம்மாதான் கருப்பன் வாந்தி எடுத்த இடத்தையும் மூத்திரம் போன இடத்தையும் கையுறை இல்லாமல் கழுவினார். வீட்டில் ஐந்து வயதுப் பையன் வேறு இருக்கிறான். இதற்கு என்ன செய்வது?

---

தாமான் பையன்:

வருத்தமாக இருக்கிறது அண்ணே. ஆனால் உண்மையைச் சொல்லணும்னா ஊசி எல்லாம் வியாபாரம். என்னுடைய ஜிம்மிக்குப் பதினோரு வயசு, ஒரு ஊசி போட்டதில்லை, இன்னும் லாரியைத் துரத்துகிறது. அக்காவுடைய சிவாவாவுக்கு இதே ஊசி போட்டு முகம் பாலூன் மாதிரி வீங்கிப்போனது. உங்கள் கருப்பனுக்குப் போட்டும் செத்துப்போனதே, அதுவே சாட்சி.

---

குளுவாங் மீனா:

அண்ணே, முதலில் அம்மாவைப் பற்றி. இன்றைக்கே கிளினிக் அரசாங்கத்துக்கு அழைத்துப் போங்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் போங்கள், “நாய் கென்சிங் தீக்குஸில் செத்தது, நான் வெறும் கையால் கழுவினேன்” என்று அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் வெறும் காய்ச்சல் என்று போனால் டெங்கிச் சோதனை எடுத்துப் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தெரியும், ஒரு மாதம் வரைகூட ஆகலாம். தலைவலி, கெண்டைக்கால் சதை வலி, கண் சிவப்பது, இதில் எது வந்தாலும் உடனே போக வேண்டும். பயப்படாதீர்கள், நாயிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் நடக்கும்.

நான் டாக்டர் இல்லை. குளுவாங்கில் ஒரு நாய் பூனை கிளினிக்கில் பதினொரு வருஷமாக நர்ஸ். அதனால் மருந்து அளவு எல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் கார்டு படிக்கத் தெரியும். கருப்பனுடைய கார்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது, என்ன தேதி என்று இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது, தாமான் பையன் உட்பட.

சிட்டு விஷயம். ஒரே சேற்றில் நின்றவள், ஒரே தட்டில் குடித்தவள். அவள் மூத்திரத்தையும் இரத்தத்தையும் சோதிக்க எடுத்துப் போங்கள். மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். மாத்திரை இரண்டு நாள் போட்டபிறகு எடுத்தால் கிருமி இருந்தும் தெரியாமல் போகும். இந்த மாதிரிக் கூட இருந்த நாய்க்கு டாக்டர்கள் டாக்ஸிசைக்ளின் கொடுப்பது வழக்கம், எத்தனை நாள் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த மாத்திரையைச் சோற்றோடு கொடுங்கள், பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். வெறும் வாயில் போட்டால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

---

செம்பனைக்காரன்:

மீனா, நன்றி. அம்மாவைக் காலையிலேயே அழைத்துப் போனேன், இரத்தம் எடுத்திருக்கிறார்கள், மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

கார்டு இதோ. முதல் ஸ்டிக்கர், எட்டாவது வாரம்: டி.பி. என்று மட்டும். இரண்டாவது, பன்னிரண்டாவது வாரம்: டி.எச்.பி.பி.ஐ., பக்கத்தில் இன்னொரு சின்ன ஸ்டிக்கர், அதில் எல். 2. மூன்றாவது கட்டத்தில் தேதி மட்டும் பென்சிலில், ஸ்டிக்கர் இல்லை. அந்த மாதம் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு, போலீஸ் ரோட்டை அடைத்திருந்தார்கள். அப்புறம் மறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்தப் பென்சில் தேதியை இப்போதுதான் பார்க்கிறேன்.

---

குளுவாங் மீனா:

அண்ணே, அதுதான் விஷயம். உங்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் கவுன்ட்டருக்கு வரும் பத்துக் கார்டில் பாதி இப்படித்தான் இருக்கும்.

“ஊசி போட்டாச்சு” என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் அந்தச் சிரிஞ்சுக்குள் இரண்டு வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். டி, எச், பி எல்லாம் டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ், பார்வோ போன்ற வைரஸ் நோய்களுக்கு. அந்த மருந்தில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். அது உடம்புக்குள் கொஞ்சம் பெருகி ஒரு சண்டையே போட்டுக் காட்டிவிடும், உடம்பு அதைப் பல வருஷம் மறக்காது. குட்டிப் பருவத்து ஊசியும் அடுத்த வருஷத்து ஒன்றும் ஒழுங்காகப் போட்டுவிட்டால், அதற்கப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும் என்பதே அதனால்தான்.

எல் அப்படி இல்லை. எல் என்றால் லெப்டோ, லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது இந்த எலிக்காய்ச்சல். அதில் இருப்பது செத்த பாக்டீரியா. செத்த பாம்பைக் காட்டி “இதுதான் பாம்பு, பார்த்துக்கொள்” என்று பிள்ளைக்குச் சொல்வது போல. ஒரு தடவை காட்டினால் போதாது. இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் மறுபடி காட்ட வேண்டும், அப்போதுதான் பாதுகாப்பு என்று ஒன்று வரும். அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான் நம்பலாம். வருஷா வருஷம் ஒரு ஊசி. நடுவில் ரொம்ப இடைவெளி விட்டால் மறுபடி முதலிலிருந்து இரண்டு.

உங்கள் கார்டுப்படி கருப்பனுக்கு எல் கிடைத்தது ஒரே ஒரு தடவை. அதுவும் நாலு வருஷத்துக்கு முன்னால். பார்வோவோ டிஸ்டெம்பரோ வந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பான். லெப்டோவைப் பொறுத்தவரை அவன் ஊசியே போடாத நாய்தான்.

இன்னொன்று. வருஷ ஊசி என்று போய்ப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் ஸ்டிக்கரைப் பாருங்கள். வைரஸ் ஊசி ஒரு குப்பி, எல் தனிக் குப்பி. இரண்டையும் கலந்து ஒரே சிரிஞ்சில் போடுவார்கள். எல் குப்பி கையிருப்பில் இல்லாத நாளில் வைரஸ் மட்டும் போய்விடும். சின்ன ஸ்டிக்கர் கார்டில் இல்லை என்றால் எல் உள்ளே போகவில்லை. வெட்கப்படாமல் கேளுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

தாமான் பையனுக்கு: தம்பி, முகம் வீங்குவது பொய் இல்லை, நானே பார்த்திருக்கிறேன். பழைய லெப்டோ ஊசிகளுக்கு அந்தக் கெட்ட பெயர் நிறைய இருந்தது, சின்ன ஜாதி நாய்களுக்கு இன்றும் கொஞ்சம் வரும். அதனால்தான் போட்டபிறகு அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்காரச் சொல்கிறோம். வீங்கினால் ஒரு ஊசியில் இறங்கிவிடும். சிறுநீரகம் நின்றுபோனால் எங்களிடம் என்ன ஊசி இருக்கிறது சொல்லுங்கள். ஜிம்மி பதினோரு வருஷம் தப்பியிருக்கிறான், சந்தோஷம். கருப்பனும் நாலரை வருஷம் தப்பினான்.

---

பழைய டிரெஸர்:

பிள்ளைகளா, நான் நாய் ஊசியைப் பற்றி ஒன்றும் அறியேன். முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன். ஆனால் இந்த நோயை மனிதரிடம் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லலாம் என்று வந்தேன்.

எங்கள் நாளில் இதற்கு வைல் நோய் என்று பெயர். 1886-ல் ஹைடல்பர்க்கில் வைல் என்ற ஜெர்மன் டாக்டர் மஞ்சள்காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வரும் இந்தக் காய்ச்சலை எழுதிவைத்தார். கிருமியைக் கண்டுபிடித்தது அதற்கு முப்பது வருஷம் கழித்து ஜப்பான்காரர்கள். நம் நாட்டில் 1920-களிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பிளெட்சர் என்பவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆக, தோட்டத்துக்கு இது பழைய விருந்தாளி.

என்னிடம் வேலை கற்க வந்த பையன் ஒருவன் ரிஜிஸ்டரில் இருந்த ஆங்கில எழுத்தை அப்படியே தமிழில் படித்து “வெயில் நோய்” என்று எழுதிவைத்துவிட்டான். நான் சொன்னேன், “டேய், இது மழை பெய்தால்தான் வரும், வெயில் அடித்தால் போய்விடும்” என்று. விளையாட்டாகச் சொன்னது, ஆனால் உண்மை. ஈரத்திலும் சேற்றிலும் இந்தக் கிருமி வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். நல்ல வெயிலில் காய்ந்தால் செத்துவிடும்.

வருகிறவர்கள் யார் தெரியுமா? பாரிட் வெட்டுகிறவன், மருந்து அடிக்கிற பெண்கள், குலை வெட்டிக் காலில் முள் கிழித்துக்கொண்டவன். வெறும் காலோடு நிற்பார்கள். புண் வழியாக, கண் வழியாக, வாய் வழியாக உள்ளே போய்விடும். “உடம்பு வலி டிரெஸர் ஐயா” என்று வந்தால் நான் முதலில் கெண்டைக்காலை அமுக்கிப் பார்ப்பேன். கத்தினால் அன்றைக்கே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். ஒருவரை மட்டும் அனுப்பவில்லை. வெறும் வேலை அலுப்பு என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அதன்பிறகு குலை வெட்டப் போகவில்லை, நர்சரியில் தண்ணீர் ஊற்றும் வேலைதான். ஆகவே செம்பனைக்காரத் தம்பி, நீ மூன்று நாள் காத்திருந்தாய் என்று உன்னையே நொந்துகொள்ளாதே. படித்த நானும் காத்திருந்தவன்தான்.

2000-ம் ஆண்டு சபாவில் எக்கோ-சேலஞ்ச் என்று ஒரு போட்டி நடந்தது, வெளிநாட்டு வீரர்கள் செகாமா ஆற்றில் நீந்தினார்கள், துடுப்புப் போட்டார்கள். ஊர் திரும்பியபின் விசாரித்ததில் 189 பேரில் 80 பேருக்கு இந்த நோயின் அறிகுறிகள் வந்திருந்தன. உலகத்திலேயே திடகாத்திரமானவர்கள். 2010 டிசம்பரிலிருந்துதான் இது நம் நாட்டில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயானது. அதற்கு முன்னால் எத்தனை பேரை “மஞ்சக்காமாலை” என்று எழுதிப் புதைத்தோமோ.

எலியைப் பற்றி. எலி இந்தக் கிருமியை வைத்துக்கொண்டு நோயில்லாமல் காலம் முழுக்க மூத்திரத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். மருந்து வைத்து ஒரேயடியாக ஒழிக்க முடியாது. சில தோட்டங்களில் கூகைப் பெட்டி வைத்திருக்கிறார்கள் பார்த்திருப்பாய், கம்பத்து மேல் மரப்பெட்டி. முதலில் நம்மவர்கள் ஆந்தை வீட்டுப் பக்கம் வந்தால் ஆகாது என்று முணுமுணுத்தார்கள். பிறகு பழத்தில் எலிக்கடி குறைந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் எலி மருந்து நிறைய வைத்தால் அதைத் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும், அதையும் மேனேஜரிடம் சொல்.

வீட்டில் நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ராத்திரி நாய்க்கு வைத்த சோறு மிச்சம் இருந்தால் எடுத்துவிடு. விடியும்வரை அது எலிக்குப் பந்தி. தின்ற இடத்திலேயே மூத்திரம் விடும், காலையில் நாய் அதே தட்டை நக்கும்.

---

தாமான் பையன்:

டிரெஸர் ஐயா எழுதியதைப் படித்து வாயடைத்துப் போனேன். சரி. ஆனால் மீனாக்காவிடம் ஒரு கேள்வி, வம்புக்கு இல்லை. கூகிளில் பார்த்தேன், இந்தக் கிருமியில் 250 வகைக்கு மேல் இருக்கிறதாம். அண்ணன் கார்டில் எல். 2. இரண்டு வகைக்கு ஊசி போட்டு மற்றதுக்கு என்ன செய்வது? அப்புறம் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கிளினிக்கில் சோதனை பாசிடிவ் என்று சொன்னார்கள், கடைசியில் அது ஊசியால் வந்த பாசிடிவ் என்றார்கள். இதை நம்பி எப்படிக் காசு போடுவது?

---

குளுவாங் மீனா:

இப்போது நல்ல கேள்வி கேட்டீர்கள் தம்பி.

எல். 2-வில் இருப்பது கனிகோலா, இக்டெரோஹெமராஜியே என்ற இரண்டு. முதலாவது நாய்களுக்குள்ளேயே சுற்றுவது, இரண்டாவது முக்கியமாக எலி கொண்டுவருவது. எல். 4-ல் இன்னும் இரண்டு சேரும், கிரிப்போடைபோசா கண்டிப்பாக இருக்கும், நாலாவது எது என்பது கம்பெனி எந்தக் கண்டத்துக்குச் செய்தது என்பதைப் பொறுத்து மாறும். மலேசியாவில் பத்தாவியே, ஜவானிக்கா போன்ற வகைகளையும் கண்டிருக்கிறார்கள். அவை எந்தக் குப்பியிலும் இல்லை. ஆகவே ஊசி போட்ட நாய்க்கு வரவே வராது என்று நான் சொன்னால் அது பொய். ஊசி போட்ட நாய் வாடிப் படுத்தாலும் லெப்டோவை மறந்துவிடக் கூடாது.

ஆனால் எலிப் பாரிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நாய்க்கு எலி வகையை விட்டுவிட்டு என்ன ஊசி போடப் போகிறோம்? கூரையில் நாலு ஓட்டை, இரண்டை அடைக்க ஓடு இருக்கிறது. நாலும் அடைக்க முடியாது என்று இரண்டையும் திறந்தா வைப்போம்? எல். 4 கிடைத்தால் எல். 4 போடுங்கள், அவ்வளவுதான். உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கமும் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்த நோய் இருக்கும் இடங்களில் பொருத்தமான ஊசி கிடைத்தால் எல்லா நாய்க்கும் அடிப்படை ஊசியாகவே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. முன்பெல்லாம் விருப்பப்பட்டால் போடலாம் என்ற பட்டியலில்தான் இது கிடந்தது.

பாசிடிவ் விஷயம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனையில் ஊசி போட்ட நாயும் பாசிடிவ் காட்டும், உண்மைதான். அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு சொல்ல மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து, அளவு நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அல்லது கிருமியின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புவார்கள், ஊசி அதைக் குழப்பாது. முதல் வாரத்தில் இரத்தம், அதற்கப்புறம் மூத்திரம். இரண்டையும் அனுப்பினால் இன்னும் நல்லது. உங்கள் கிளினிக் கடைசியில் ஊசியால் வந்தது என்று ஒத்துக்கொண்டதே, அது நல்ல கிளினிக்தான்.

செம்பனைக்கார அண்ணே, வீட்டைச் சுத்தம் செய்யும்போது குளோரோக்ஸ் (பிளீச்) ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. கையுறை, ரப்பர் சப்பாத்து. மூத்திரம் போன இடத்தில் ரப்பர் குழாயைப் பிடித்துப் பீய்ச்சி அடிக்காதீர்கள், தெறித்துக் கண்ணில் படும். மெதுவாக ஊற்றி ஊறவிட்டு அப்புறம் கழுவுங்கள். கருப்பன் படுத்த சாக்கை எரித்துவிடலாம். பையனைப் பாரிட் பக்கம் செருப்பில்லாமல் விடாதீர்கள்.

இன்னும் ஒன்று, நீங்கள் எலி மருந்து என்று நினைத்ததில் தப்பே இல்லை. எலி மருந்து, உண்ணிக் காய்ச்சல், லெப்டோ மூன்றிலும் முதல் இரண்டு நாள் நாய் ஒரே மாதிரிச் சோர்ந்து படுக்கும். டாக்டருக்கே இரத்தம் பார்த்தால்தான் தெரியும். மூன்றில் எதுவானாலும் வீட்டில் வைத்துப் பார்க்கும் நோய் இல்லை என்பதை மட்டும் மற்றவர்கள் குறித்துக்கொண்டால் போதும்.

---

செம்பனைக்காரன்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. இரத்தச் சோதனை நன்றாக வந்தது. கையுறை வாங்கிக் கொடுத்தேன். “மீன் கழுவும்போது வழுக்குகிறது” என்று அதைக் கழற்றி மோட்டார் கூடையில் போட்டு வைத்திருக்கிறார். பாத்திரம் கழுவ இல்லை, நாய் இடம் கழுவ என்று நாலு தடவை சொல்லியாகிவிட்டது.

சிட்டுவின் மூத்திரத்தில் கிருமி இருந்தது. ஆள் நன்றாக ஓடுகிறாள், சாப்பிடுகிறாள், ஆனால் பி.சி.ஆரில் வந்தது. டாக்டர் டாக்ஸிசைக்ளின் இரண்டு வாரம் கொடுத்தார். மாத்திரையைச் சோற்றில் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறாள். கடைசியில் சார்டின் டின் மீனுக்குள் வைத்துத்தான் முடித்தேன். மறுபடி சோதித்ததில் இப்போது இல்லை. யோசித்துப் பார்த்தால், மீனா சொல்லியிருக்காவிட்டால் இவள் இந்நேரம் வாசலெல்லாம் கிருமி விட்டுக்கொண்டிருப்பாள், பையன் அதில் தவழ்ந்து கோலி விளையாடிக்கொண்டிருப்பான்.

சிட்டுவின் கார்டையும் பார்த்தேன். அவளுக்கு எல் ஒரு தடவைகூட இல்லை. மருந்து முடிந்தபிறகு டாக்டரிடம் கேட்டு எல். 4 முதல் ஊசி போட்டாகிவிட்டது. அறுபத்தைந்து வெள்ளி (ரிங்கிட்). கருப்பனுக்கு அந்த மூன்று நாளில் ஆன செலவு ஆயிரத்து நானூறு. காசைச் சொல்லவில்லை, சும்மா தோன்றியது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், முகம் வீங்கவில்லை. இரண்டாவது ஊசி வரும் 19-ம் தேதி. பென்சிலில் எழுத வந்த பெண்ணிடம் பேனா கேட்டு வாங்கி நானே எழுதினேன்.

டிரெஸர் ஐயா, சோறு விஷயம் நூற்றுக்கு நூறு. ராத்திரி தட்டை எடுத்து உள்ளே வைக்க ஆரம்பித்ததும் நாலாம் நாளே எலிப் புழுக்கை குறைந்துவிட்டது. கூகைப் பெட்டி பற்றித் தோட்டத்துக் கண்டக்டரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொல்லியிருக்கிறேன், “பார்க்கலாம்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: எங்கள் வீட்டுப் பூனைக்கும் இந்த ஊசி போட வேண்டுமா?

---

குளுவாங் மீனா:

வேண்டாம் அண்ணே. பூனைக்கு இது பெரிதாக நோயாக வெளியே வருவது அரிது, அதற்கென்று இங்கே ஊசியும் கிடையாது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கையுறையை மோட்டார் கூடையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

---

தாமான் பையன்:

மீனாக்கா, பதினோரு வயசு நாய்க்கு எல். 4 முதல் தடவை போடலாமா? சும்மா கேட்கிறேன்.

---

குளுவாங் மீனா:

போடலாம். டாக்டர் முதலில் உடம்பைப் பார்ப்பார். ஜிம்மியைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் கிளினிக் வாசலில் லாரி நிறையப் போகும்.